கூண்டில் நிற்பவரை நமக்குத் தெரியும்: 'ப்ராட்சர்ச்' இரண்டாம் பருவமும் ஒப்புதல் வாக்குமூலமும்

கேள்வி

கொலையாளி யார் என்று தெரிந்த இடத்தில் துப்பறியும் கதை முடிந்துவிடும். அவனை வண்டியில் ஏற்றியதும் புத்தகத்தை மூடிவிடுகிறோம். அதற்குப் பின் அரசுத் தரப்பு சாட்சிப் பட்டியல் தயாரிப்பதும், எதிர்த்தரப்பு ஒவ்வொரு சாட்சியாகக் கலைப்பதும், பன்னிரண்டு ஜூரிகள் ஓர் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வதும் வேறு கதை என்றே பெரும்பாலான எழுத்தாளர்கள் கருதிவந்தார்கள். பிரிட்டனின் ஐடிவி அலைவரிசைக்காகக் கிறிஸ் சிப்னல் உருவாக்கிய 'ப்ராட்சர்ச்' அந்த வேறு கதையைத் தன் இரண்டாம் பருவமாக எடுத்துக்கொண்டது.

முதல் பருவம் 2013 மார்ச், ஏப்ரல் மாதங்களில் எட்டு வாரம் ஓடியது. டார்செட் கடற்கரையில் ஒரு கற்பனைச் சிறுநகரம். செங்குத்துப் பாறையின் அடியில் பதினோரு வயது டேனி லாட்டிமரின் உடல். விசாரிக்க வெளியூரிலிருந்து வந்த அலெக் ஹார்டி, உள்ளூர்க்காரரான எல்லி மில்லர். கொன்றவர் எல்லியின் கணவர் ஜோ என்பது கடைசி அத்தியாயத்தில் வெளிப்பட்டது. டேவிட் டென்னன்டும் ஒலிவியா கோல்மனும் நடித்த அந்தத் தொடர் 2014இல் சிறந்த நாடகத் தொடருக்கான பாஃப்டா விருதைப் பெற்றது. கோல்மனுக்குச் சிறந்த நடிகை விருதும் கிடைத்தது.

2015 ஜனவரி 5 அன்று இரண்டாம் பருவம் தொடங்கியபோது பலர் எதிர்பார்த்தது இன்னொரு பிணத்தை. வந்தது நீதிமன்றம். ஜோ குற்றத்தை ஒப்புக்கொள்வார், தண்டனை நாள் குறிப்பார்கள், வீட்டுக்குப் போய்விடலாம் என்ற நம்பிக்கையில் ஊரே பார்வையாளர் வரிசையில் உட்கார்ந்திருக்கிறது. டேனியின் தாய் பெத் நிறைமாதக் கர்ப்பிணி. குற்றச்சாட்டு வாசிக்கப்படுகிறது. ஜோ சற்று நேரம் பேசாமல் நிற்கிறார். பிறகு தான் குற்றவாளி அல்ல என்கிறார். அந்த ஒரு பதிலிலிருந்துதான் எட்டு அத்தியாயங்களும் விரிகின்றன.

ஜோ கொன்றதை முதல் பருவத்தில் நாம் கண்ணால் பார்த்திருக்கிறோம். பிறகு எட்டு வாரம் நம்மை இழுத்துப் பிடிப்பது எது? அந்தப் பதற்றத்தை உண்டாக்க இந்தத் தொடர் எந்தச் சட்ட விதியை வில்லனாக்குகிறது? என் வாதம் இதுதான்: பார்வையாளருக்குத் தெரிந்ததற்கும் ஜூரிக்குத் தெரிய அனுமதிக்கப்பட்டதற்கும் இடையிலுள்ள பள்ளத்தில்தான் இரண்டாம் பருவத்தின் பதற்றம் முழுதும் இருக்கிறது. அந்தப் பள்ளத்தை வெட்டுவது ஒப்புதல் வாக்குமூலம் குறித்த விதி. தொடர் அந்த விதியை வெறுக்க நம்மைப் பழக்குகிறது. பிறகு தன் இன்னொரு கதையை, கூச்சமே இல்லாமல், ஒப்புதல் வாக்குமூலங்களைக் கொண்டே முடித்துவைக்கிறது.

இதுவரை வைக்கப்பட்ட குறைகள்

இரண்டாம் பருவத்துக்குக் கிடைத்த எதிர்வினைகளை இரண்டாகப் பிரிக்கலாம். ஒன்று சட்டத் துறையினருடையது. சாட்சி சொல்லவேண்டியவர்கள் தங்கள் முறை வருமுன்பே நீதிமன்றத்தில் உட்கார்ந்து மற்றவர்களின் சாட்சியத்தைக் கேட்கிறார்கள். இங்கிலாந்து நடைமுறையில் அவர்கள் வெளியே காத்திருக்க வேண்டும். கொலையுண்ட சிறுவனின் குடும்பம், ஓய்விலிருக்கும் மூத்த பாரிஸ்டர் ஜோஸ்லின் நைட்டின் வீட்டுக் கதவைத் தட்டி வழக்கை நடத்தித் தரும்படி கேட்கிறது. அங்கே அரசுத் தரப்பு வழக்கறிஞரை அமர்த்துவது 1986 முதல் இயங்கிவரும் அரசு வழக்கு நடத்தும் துறையின் வேலை, குடும்பத்தினுடையதல்ல. புதைத்த உடலைத் தோண்டி எடுக்கும் காட்சியையும் பலர் குறை சொன்னார்கள்.

இன்னொன்று விமர்சகர்களுடையது. முதல் பருவத்தின் இறுக்கம் குலைந்துவிட்டது, ஹார்டியின் பழைய தோல்வியான சாண்ட்புரூக் வழக்கைக் கூடவே இழுத்து வந்ததில் இரண்டு கதைகளும் ஒன்றையொன்று மிதித்துக்கொள்கின்றன என்றார்கள்.

இரண்டிலும் உண்மை உண்டு. ஆனால் நடைமுறைப் பிழைகளைப் பட்டியலிடுவதோடு நிற்பது எனக்கு நிறைவாக இல்லை. பிரிட்டிஷ் பார்வையாளருக்கும் நீதிமன்றத்துக்கும் உள்ள உறவு விசித்திரமானது. 1925ஆம் ஆண்டுச் சட்டம் நீதிமன்றத்தில் படம் எடுப்பதைத் தடை செய்தது. கிரவுன் நீதிமன்ற நீதிபதி ஒருவர் தண்டனை அறிவிக்கும் உரை தொலைக்காட்சியில் வந்ததே 2022 ஜூலையில்தான். சாட்சி விசாரணையைப் பொறுத்தவரை தடை இன்றும் நீடிக்கிறது. ஆகவே இரண்டு மூன்று தலைமுறைகளாக அந்நாட்டு மக்கள் கொலை வழக்கு விசாரணையை நாடகங்களில்தான் பார்த்துவந்திருக்கிறார்கள். கிரனாடா நிறுவனம் 1972 முதல் 1984 வரை தயாரித்த 'கிரவுன் கோர்ட்' தொடரில் ஜூரிகளாக உட்கார்ந்தவர்கள் பெரும்பாலும் சாதாரணப் பொதுமக்கள். நடிகர்கள் வாதாடி முடித்ததும் அவர்களே கூடிப் பேசித் தீர்ப்புச் சொன்னார்கள். எந்தத் தீர்ப்பு வரும் என்று தயாரிப்பாளருக்கே தெரியாது. நடைமுறைச் சுத்தத்தைவிட அந்தத் தொடர் கற்பித்த ஒன்று முக்கியம்: ஜூரிக்குத் தெரிந்த அளவே பார்வையாளருக்கும் தெரியும்.

'ப்ராட்சர்ச்' அந்த ஒப்பந்தத்தை உடைக்கிறது. இங்கே ஜூரியைவிட நமக்கு அதிகம் தெரியும். அதை உடைத்ததன் விளைவு என்ன என்பதுதான் சாட்சிகள் எங்கே உட்கார்ந்தார்கள் என்பதைவிட ஆராயத் தக்கது.

வாக்குமூலம் விழுந்த இடம்

முதல் பருவத்தின் இறுதியை நிதானமாகப் பார்க்க வேண்டியிருக்கிறது. இரண்டாம் பருவத்தின் சட்டச் சிக்கல் முழுதும் அந்தச் சில நிமிடங்களுக்குள் அடங்கியிருக்கிறது. டேனியின் கைபேசி சமிக்ஞையைத் தொடர்ந்து போகும் ஹார்டி, மில்லர் வீட்டுக் கொட்டகையில் அந்தக் கைபேசியோடு நிற்கும் ஜோவைக் காண்கிறார். கைது. காவல் நிலைய விசாரணை அறையில் ஜோ நடந்ததைச் சொல்கிறார். பின்னர் எல்லிக்கு விஷயம் தெரிவிக்கப்படுகிறது. கணவனைப் பார்க்க அவரை ஹார்டி அனுமதிக்கிறார். உள்ளே போன எல்லி கணவனை அடித்து உதைக்கிறார். மற்றவர்கள் பிடித்து இழுக்க வேண்டியிருக்கிறது. அன்று அதைப் பார்த்தவர் யாரும் எல்லியைக் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். நானும் சொல்லவில்லை.

இரண்டாம் பருவத்தில் எதிர்த்தரப்புப் பாரிஸ்டர் ஷாரன் பிஷப் கையில் எடுப்பது அந்த அடியைத்தான். ஜோவின் உடலில் காயங்கள் இருக்கின்றன. அடித்தவர் இதே வழக்கை விசாரித்த அதிகாரி. எனவே வாக்குமூலம் அடித்து வாங்கப்பட்டது என்கிறார். நீதிபதி சோனியா சர்மா வாக்குமூலத்தைச் சான்றிலிருந்து நீக்குகிறார். ஜூரி அதைக் கேட்கவே போவதில்லை.

இதற்குரிய விதி 1984ஆம் ஆண்டின் காவல் துறை மற்றும் குற்றவியல் சான்றுச் சட்டத்தின் 76ஆம் பிரிவு. வாக்குமூலம் ஒடுக்குமுறையால் பெறப்பட்டிருக்கலாம் என்று எதிர்த்தரப்பு சொன்னால் போதும். அப்படிப் பெறப்படவில்லை என்பதைச் சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபிக்கும் சுமை அரசுத் தரப்பின் தலையில் விழுகிறது. நிரூபிக்க முடியாவிட்டால், அந்த வாக்குமூலம் உண்மையாகவே இருந்தாலும் நீதிபதி அதைச் சேர்த்துக்கொள்ளக் கூடாது. 'உண்மையாகவே இருந்தாலும்' என்பதில்தான் விதியின் முழுக் கடுமையும் இருக்கிறது.

ஆனால் இந்தப் பிரிவு கேட்பது காரண காரியத் தொடர்பை. அடி விழுந்ததனால் வாக்குமூலம் வந்ததா? ஜோ பேசி முடித்த பிறகே எல்லி உள்ளே போனார் என்பதை நாம் பார்த்திருக்கிறோம். விசாரணை அறைப் பதிவில் நேரம் இருக்கும், காவல் பதிவேட்டில் நேரம் இருக்கும். இந்த முன்பின் வரிசையை அரசுத் தரப்பு ஓங்கிச் சொல்லியிருந்தால் வாதம் வேறு திசையில் போயிருக்க வாய்ப்புண்டு. கைபேசியைப் பற்றியும் இதே கேள்வி எழுகிறது. அது வாக்குமூலத்தின் மூலம் கிடைத்த பொருள் அல்ல. ஜோ வாய் திறக்குமுன்பே சமிக்ஞை காட்டிக்கொடுத்த பொருள். வாக்குமூலம் விழுந்தாலும் அது தன் காலில் நிற்கும். தொடர் அதற்கு உரிய கனத்தைத் தரவில்லை. தந்திருந்தால் எட்டு வாரம் ஓட்டியிருக்க முடியாது என்பது வேறு விஷயம்.

இங்கே இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ஜோ கொன்றார் என்று 'கண்ணால் பார்த்தோம்' என்றேன். எதைப் பார்த்தோம்? ஜோ ஹார்டியிடம் சொல்லச் சொல்லக் குன்றின்மேல் உள்ள குடிசையில் நடந்தது காட்சியாக விரிந்தது. அதாவது நாம் பார்த்தது கொலையை அல்ல, வாக்குமூலத்தின் படவடிவத்தை. கேமரா அதற்குச் சத்தியம் செய்துகொடுத்தது, நாம் நம்பினோம். நம் உறுதி எங்கிருந்து வந்ததோ அதே ஒப்புதலைத்தான் நீதிபதி ஜூரியின் காதுக்கு எட்டாமல் செய்கிறார். தீர்ப்பு நம்மைக் கொதிக்க வைப்பதற்கு இந்தச் சூட்சுமமே காரணம்.

விதி எங்கிருந்து வந்தது

76ஆம் பிரிவு ஏதோ வழக்கறிஞர்கள் விளையாட்டுக்காக எழுதிக்கொண்ட விதி அல்ல. 1972இல் லண்டனின் கேட்ஃபர்ட் பகுதியில் நடந்த மேக்ஸ்வெல் கான்ஃபெய்ட் கொலையில் மூன்று இளையவர்கள் பிடிபட்டார்கள். ஒருவர் மனவளர்ச்சி குன்றியவர். மூவரும் ஒப்புக்கொண்டதாக வாக்குமூலங்கள் இருந்தன, தண்டனையும் வந்தது. 1975இல் அந்தத் தண்டனைகள் ரத்தாயின. அதை ஒட்டி நடந்த விசாரணையும் பிறகு அமைக்கப்பட்ட அரச ஆணையமும்தான் 1984ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு வழிவகுத்தன. கில்ஃபர்ட் நால்வர் 1989இலும் பர்மிங்ஹாம் அறுவர் 1991இலும் விடுதலையானபோது, அவர்களைச் சிறைக்கு அனுப்பிய வாக்குமூலங்களின் தரம் உலகுக்கே தெரிந்தது.

புதிய சட்டம் வந்த பிறகும் கதை ஓயவில்லை. 1988இல் கார்டிஃபில் ஓர் இளம்பெண் கொல்லப்பட்டார். அந்த வழக்கில் ஒருவர் முந்நூறு தடவைக்கு மேல் மறுத்த பிறகு ஒப்புக்கொண்டார். விசாரணையின்போது அவருடைய வழக்கறிஞர் அறையில் இருந்தார், ஆனால் தலையிடவில்லை. ஆயுள் தண்டனை பெற்ற மூவரையும் 1992இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் விடுவித்தது. ஒலிநாடாவைக் கேட்ட நீதிபதிகள் அதிர்ந்துபோனார்கள். 2003இல் டிஎன்ஏ சான்றின் வழியாக உண்மைக் கொலையாளி பிடிபட்டார். அவர் முற்றிலும் வேறொருவர். அடி இல்லாமலே, வழக்கறிஞர் பக்கத்தில் இருக்கும்போதே, செய்யாத கொலையை ஒருவர் ஒப்புக்கொள்ள முடியும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

இந்திய வாசகருக்கு இதில் ஒரு வேடிக்கை உண்டு. காவல் அதிகாரியிடம் கொடுத்த வாக்குமூலம், அடித்ததோ அடிக்காததோ, நம் நீதிமன்றங்களில் பொதுவாகச் சான்றே ஆகாது. 1872ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டத்தின் 25ஆம் பிரிவு அப்படிச் சொன்னது. 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய சாட்சியச் சட்டம் அதை 23ஆம் பிரிவாக வைத்துக்கொண்டிருக்கிறது. இந்தியச் சட்டத்தை எழுதியவர் ஆங்கிலேயரான ஜேம்ஸ் ஃபிட்ஸ்ஜேம்ஸ் ஸ்டீஃபன். தங்கள் ஊர்க் காவலரை நம்பிய அளவுக்கு இங்கே தாங்கள் நடத்திய காவல் துறையை அவர்கள் நம்பவில்லை. அந்த அவநம்பிக்கையின் பின்னணியில் நம் ஊர்க் கதை ஒன்று இருக்கிறது: சென்னை மாகாணத்தில் வரி வசூலிலும் குற்ற விசாரணையிலும் நடந்த சித்திரவதைகளைப் பதிவு செய்த 1855ஆம் ஆண்டு ஆணைய அறிக்கை.

விதிவிலக்காக வந்த தடா சட்டம் காவல் கண்காணிப்பாளரிடம் தரும் வாக்குமூலத்தைச் சான்றாக ஏற்றது. ராஜீவ் காந்தி கொலை வழக்கில் அத்தகைய வாக்குமூலங்கள் எவ்வளவு பாரம் சுமந்தன என்பதும், பேரறிவாளன் சொன்னதில் ஒரு பகுதியை எழுதாமல் விட்டதாக அதைப் பதிவுசெய்த அதிகாரியே 2013இல் வெளிப்படையாகச் சொன்னதும் தமிழ் வாசகர் அறிந்தவை. இவற்றைத் தெரிந்த ஒருவர் 'ப்ராட்சர்ச்' நீதிபதியின் உத்தரவைக் கேட்டுக் கொதிப்பதற்குமுன் சற்று யோசிப்பார்.

ஸ்விண்டன், 2011

குற்றவாளி என்று தெரிந்தும் வாக்குமூலம் தள்ளப்படுவது நடக்கக்கூடியதா? நடந்திருக்கிறது. டார்செட்டுக்கு அருகிலுள்ள வில்ட்ஷயரில், இரண்டாம் பருவம் ஒளிபரப்பாவதற்குச் சில ஆண்டுகள் முன்பு.

2011 மார்ச்சில் ஸ்விண்டன் நகரில் இளம்பெண் ஒருவர் காணாமல் போனார். டாக்ஸி ஓட்டுநர் கிறிஸ்டோபர் ஹாலிவெல் பிடிபட்டார். விசாரணைக்குத் தலைமை தாங்கிய ஸ்டீவ் ஃபுல்ச்சர் அவரைக் காவல் நிலையத்துக்குக் கொண்டுபோகாமல் பார்பரி காசில் என்ற பழைய குன்றுக்கோட்டைக்கு அழைத்துப்போய்ப் பேசினார். பெண் எங்கேயாவது உயிரோடு இருக்கலாம் என்பது அவருடைய வாதம். முறைப்படி சொல்லவேண்டிய எச்சரிக்கை சொல்லப்படவில்லை, வழக்கறிஞரும் வரவழைக்கப்படவில்லை. ஹாலிவெல் உடல் கிடந்த இடத்தைக் காட்டினார். அதோடு நிற்காமல், அதுவரை காவல் துறைக்குத் தெரியாத இன்னொரு கொலையையும் ஒப்புக்கொண்டு அந்த இடத்தையும் காட்டினார்.

2012இல் நீதிபதி அந்த வாக்குமூலங்களை ஏற்க மறுத்தார். முதல் கொலைக்கு வேறு சான்றுகள் இருந்ததால் ஹாலிவெல் குற்றத்தை ஏற்று ஆயுள் தண்டனை பெற்றார். இரண்டாவது கொலைக் குற்றச்சாட்டு விழுந்தது. ஃபுல்ச்சர்மீது ஒழுங்கு நடவடிக்கை எடுக்கப்பட்டது. அவர் வேலையை விட்டார். இரண்டாவது கொலைக்குத் தண்டனை கிடைக்க 2016 வரை ஆயிற்று.

இதே ஐடிவி 2019இல் அந்தக் கதையை 'எ கன்ஃபெஷன்' என்ற பெயரில் ஆறு பகுதியாக ஒளிபரப்பியது. ஃபுல்ச்சராக மார்ட்டின் ஃப்ரீமன் நடித்தார். அந்தத் தொடரின் அனுதாபமும் பெருமளவு அதிகாரியின் பக்கம்தான். ஆனாலும் அதிகாரி எந்த விதியை, எதற்காக, எவ்வளவு தெரிந்தே மீறினார் என்பது பார்வையாளருக்குத் தெளிவாகிறது. விதிக்கும் உயிருக்கும் இடையில் அவர் தேர்ந்துகொண்ட ஒன்று அது, அதற்கு விலையும் கொடுத்தார். 'ப்ராட்சர்ச்' இந்தச் சங்கடத்தைத் தவிர்க்கிறது. எல்லியின் அடி தேர்வு அல்ல, வெடிப்பு. விசாரணைக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. ஆகவே விதியின் மறுபக்கத்தை நாம் பார்க்கவே நேர்வதில்லை. விதி வெறும் ஓட்டையாக, ஷாரன் கண்டுபிடித்த சாமர்த்தியமாகச் சுருங்கிவிடுகிறது.

எதிர்த்தரப்புக்கு எழுதப்பட்ட முகம்

மரியான் ஜான்-பாப்டிஸ்ட் நடித்த ஷாரன் பிஷப்தான் இந்தப் பருவத்தின் வீணாக்கப்பட்ட பெரும் பாத்திரம். ஷார்லட் ராம்ப்ளிங் நடித்த ஜோஸ்லினிடம் ஒரு காலத்தில் தொழில் கற்றவர். மகன் சிறையில் இருக்கிறான். அவனுக்காக வாதாட ஜோஸ்லின் மறுத்துவிட்டார் என்ற ஆறாத மனத்தாங்கல் உண்டு. பெரிய சட்ட நாடகம் ஒன்றுக்கு இந்த விவரங்களே போதும். ஒரு கறுப்பினத் தாய், குற்றவியல் நீதி முறை தன் பிள்ளையை விழுங்கியதாக நம்புபவர். காவல் நிலைய அறையில் என்ன நடக்கும், அதைக் கட்டுப்படுத்தும் விதிகள் ஏன் வேண்டும் என்பது அந்த நாடகத்தில் வேறு யாரையும்விட அவருக்குத்தான் தெரிந்திருக்கும். அதை அவர் வாயிலிருந்து ஒரு முறையாவது கேட்க ஆசைப்பட்டேன். தொடர் அவருக்குக் கொடுத்தது பழிவாங்கும் எண்ணத்தை மட்டும். ஃபீபி வாலர்-பிரிட்ஜ் நடித்த இளநிலைப் பாரிஸ்டர் ஆபி தாம்சனுக்கோ அதுவும் இல்லை. வெற்றியின் ருசி ஒன்றுதான்.

இங்கிலாந்துப் பாரிஸ்டர்களுக்கு ஒரு பழைய தொழில் விதி உண்டு: நிறுத்தத்தில் வரிசையில் நிற்கும் வாடகை வண்டிக்காரர் முதலில் வரும் பயணியை ஏற்றியாக வேண்டும் என்பதுபோல, தன் துறையில் தன்னைத் தேடி வரும் வழக்கை, ஆள் பிடிக்கவில்லை என்பதற்காகத் தள்ளக் கூடாது. ஊரே வெறுக்கும் ஒருவருக்கும் வாதாட ஆள் கிடைப்பதற்கான ஏற்பாடு அது. தொடரில் இதன் வாடையே இல்லை. ஜோவுக்காக நிற்பது ஷாரனின் குணக்கேடு போலவும், எதிர்த்து நிற்பது ஜோஸ்லினின் நற்குணம் போலவும் காட்சிகள் அடுக்கப்படுகின்றன.

எல்லி சாட்சிக் கூண்டில் நிற்கும் இடத்தை உதாரணமாக எடுத்துக்கொள்வோம். நடிப்பில் இந்தப் பருவத்தின் உச்சம் அது. கணவனை அடித்ததைப் பற்றிக் கேள்வி. தகவல் சொன்ன தன் உடன்பிறந்தவளுக்குக் கொடுத்த பணத்தைப் பற்றிக் கேள்வி. கணவன் கைதான இரவில் எல்லி தங்கியிருந்த விடுதி அறைக்கு ஹார்டி போனதைப் பற்றிக் கேள்வி. தனித்தனியாகப் பார்த்தால் எல்லாமே நடந்த செயல்கள். ஷாரன் அவற்றைக் கோத்து, கள்ள உறவில் இருந்த இரண்டு அதிகாரிகள் வழியில் நின்ற கணவன்மீது கொலைப் பழியைப் போட்டார்கள் என்ற கதையாக்குகிறார். கோல்மனின் முகத்தில் முதலில் குழப்பம், பிறகு புரிந்துகொண்ட அருவருப்பு. மறுத்துப் பேசப் பேச எல்லி குற்றவாளிபோலத் தோன்றிவிடுகிறார்.

குறுக்கு விசாரணையின் இயல்பை இவ்வளவு கூர்மையாகக் காட்டிய தொலைக்காட்சிக் காட்சிகள் அதிகமில்லை. ஆனால் அதை நாம் எந்த இடத்திலிருந்து பார்க்கிறோம்? ஷாரன் சொல்வது பொய் என்று தெரிந்த இடத்திலிருந்து. தெரியாத இடத்தில் நின்றிருந்தால், அதாவது ஜூரியின் இருக்கையில் இருந்திருந்தால், அவை கேட்கப்பட வேண்டிய கேள்விகள் என்றுதான் நினைத்திருப்போம். வழக்கை விசாரித்த அதிகாரி சந்தேக நபரின் மனைவி. சாட்சிக்குப் பணம் கொடுத்திருக்கிறார். சந்தேக நபரை அடித்திருக்கிறார். இப்படி ஒரு வழக்கைச் செய்தித்தாளில் படித்தால் நாம் யார் பக்கம் நிற்போம்? டேனியின் தந்தை மார்க்கை நோக்கி விரலை நீட்டுவதிலும் இதேதான். கொலை நடந்த இரவில் அவர் வேறொரு பெண்ணோடு இருந்தார், அதை முதலில் மறைத்தார். சந்தேகப்படக் காரணம் இல்லையென்று ஜூரி எப்படிச் சொல்லும்?

அந்த ஜூரியைத் தொடர் கிட்டத்தட்ட முகமற்றவர்களாகவே விட்டுவிடுகிறது. அவர்கள் உள்ளே என்ன பேசினார்கள் என்பதை வெளியிடுவது அன்று நடைமுறையில் இருந்த 1981ஆம் ஆண்டு நீதிமன்ற அவமதிப்புச் சட்டத்தின் 8ஆம் பிரிவின்படி குற்றம். ஆகவே அறைக்குள் போகாதது நியாயம்தான். ஆனால் விசாரணையின்போது அவர்களுடைய இருக்கையிலிருந்து ஒரு முறை பார்க்க யாரும் தடை போடவில்லை. கேமரா எப்போதும் பாதிக்கப்பட்டவர்களின் வரிசையில்தான் உட்கார்ந்திருக்கிறது.

சாண்ட்புரூக்

விமர்சகர்கள் வேண்டாத சுமை என்று ஒதுக்கிய சாண்ட்புரூக் கதைதான் இந்தப் பருவத்தின் உள்மனத்தைக் காட்டிக்கொடுக்கிறது என்பது என் எண்ணம். பன்னிரண்டு வயது பிப்பாவும் அவளுடைய உறவுப் பெண் லீசாவும் காணாமல் போகிறார்கள். பிப்பாவின் உடல் மட்டும் கிடைக்கிறது. பக்கத்து வீட்டு லீ ஆஷ்வொர்த்மீது வழக்கு. முக்கியச் சான்றான பதக்கம், ஹார்டியின் அப்போதைய மனைவியான பெண் அதிகாரியின் காரிலிருந்து திருடுபோகிறது. வழக்கு கவிழ்கிறது. மனைவியின் தவறை ஹார்டி தன் தலையில் போட்டுக்கொள்கிறார்.

இரண்டு வழக்குகளும் காவலரின் தவறால் சான்று கெட்டு, குற்றவாளி தப்பிய கதைகள். முதலாவதில் நீதிமன்றம் அந்தத் தவறுக்கு விலை கேட்கிறது. இரண்டாவதில் ஹார்டி என்ன செய்கிறார்? அதிகாரம் எதுவும் இல்லாமல், லீயின் மனைவி கிளேரைத் தனியே ஒரு குடிலில் மறைத்து வைத்துத் தானே காவல் காக்கிறார். லீயையும் கிளேரையும் எல்லியின் வீட்டில் சந்திக்க வைத்து மறைவிலிருந்து கண்காணிக்கிறார். எல்லி அப்போது வேறிடத்தில் போக்குவரத்துக் காவலர். இந்த வழக்குக்கும் அவருக்கும் தொடர்பே கிடையாது. இவற்றில் எதையேனும் ஒரு ஷாரன் பிஷப் குறுக்கு விசாரணை செய்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று பார்வையாளர் கேட்பதில்லை. கேட்க விடாமல் கதை ஓடுகிறது.

கடைசி அத்தியாயத்தில் சாண்ட்புரூக் அவிழ்கிறது. எப்படி? விசாரணையில் கிளேர் பேசுகிறார், லீ பேசுகிறார். பிப்பாவின் தந்தை ரிக்கி லீசாவைக் கொன்றதும், அதைப் பார்த்துவிட்ட பிப்பாவுக்குக் கிளேர் மயக்க மருந்து கலந்து கொடுத்ததும், லீ அவளை மூச்சுத் திணற வைத்துக் கொன்றதும் காட்சிகளாக விரிகின்றன. முதல் பருவத்தில் ஜோ பேசியபோது நடந்த அதே உத்தி. பேச்சு படமாகிறது, படம் உண்மையாகிறது. ஒருவருக்கொருவர் பழி சுமத்தக் காரணமுள்ள மூன்று பேரின் கூற்றுகள் இவை. கூட்டாளி சொன்னதை எந்த நீதிமன்றமும் எச்சரிக்கையோடுதான் அணுகும். நமக்கு அந்த எச்சரிக்கை எழுவதில்லை. கேமரா காட்டிவிட்டதே.

ஆக, எட்டு வாரமாக ஒப்புதல் வாக்குமூலம் நீதிமன்றத்தில் எப்படிச் சிதறும் என்று காட்டிய தொடர், கடைசி வாரத்தில் இன்னொரு வாக்குமூலக் குவியலைக் கொடுத்து நிம்மதியாக உறங்கச் சொல்கிறது. இது கவனக்குறைவு என்று நான் நினைக்கவில்லை. ஜோவின் தீர்ப்பு தந்த கசப்புக்கு மருந்தாகத்தான் சாண்ட்புரூக் வைக்கப்பட்டிருக்கிறது. நீதிமன்றம் எடுத்துக்கொண்டதைக் காவல் நிலையம் திருப்பித் தருகிறது. குற்றவாளியின் வாயிலிருந்து உண்மை வந்தே தீரும் என்ற பழைய துப்பறியும் நம்பிக்கையை உடைக்கப் புறப்பட்ட கதை, உடைத்த கையோடு ஒட்ட வைக்கிறது.

தீர்ப்புக்குப் பிறகு

ஜோ விடுதலையாகிறார். தேவாலயத்தில் அடைக்கலம் தேடிய அவரைப் பிடித்து, டேனி இறந்த அதே குடிசைக்குக் கொண்டுபோகிறார்கள். எல்லி முகத்துக்கு நேரே பேசுகிறார். ஊர் திரண்டு நின்று பார்த்துக்கொண்டிருக்க, பாதிரியார் பால் கோட்ஸ் அவரை ஷெஃபீல்டுக்கு அனுப்பிவைக்கிறார். திரும்பி வரக் கூடாது என்பது உத்தரவு. யாரும் அவரைக் கொல்லவில்லை என்பதில் ஒரு கண்ணியம் இருப்பதாகக் காட்சி நமக்குச் சொல்கிறது. சட்டப்படி குற்றமற்றவர் என்று தீர்ப்பான ஒருவரைக் கடத்தி மிரட்டி ஊரை விட்டுத் துரத்துவது அது என்பதைச் சொல்வதில்லை. முன்னாள் துப்பறிவாளர் ஒருவரும், இன்னும் சீருடை அணியும் காவலர் ஒருவரும் அதில் சம்பந்தப்பட்டிருக்கிறார்கள்.

வேறு வழியே இல்லையா? இருந்தது. ஒரு குற்றத்துக்கு விடுதலையானவரை மீண்டும் விசாரிக்கக் கூடாது என்ற பழைய தடையை இங்கிலாந்து 2003ஆம் ஆண்டுக் குற்றவியல் நீதிச் சட்டத்தால் தளர்த்தியது. கொலை போன்ற கடும் குற்றங்களில், புதிய, வலுவான சான்று கிடைத்தால் மேல்முறையீட்டு நீதிமன்றம் பழைய விடுதலையை நீக்கி மறுவிசாரணைக்கு உத்தரவிடலாம். ஸ்டீஃபன் லாரன்ஸ் கொலை வழக்கில் அப்படித்தான் நடந்தது: 1996இல் விடுதலையான கேரி டாப்சன், உடையிலிருந்து கிடைத்த நுண்ணிய தடயங்களின் அடிப்படையில் 2012 ஜனவரியில் தண்டிக்கப்பட்டார். 1993இல் மகனை இழந்த லாரன்ஸ் குடும்பம் அதற்காகப் பதினெட்டு ஆண்டு போராட வேண்டியிருந்தது. 'ப்ராட்சர்ச்' இரண்டாம் பருவம் ஒளிபரப்பானபோது அந்தத் தீர்ப்பு வந்து மூன்று ஆண்டே ஆகியிருந்தது. பிரிட்டனில் அதை அறியாதவர் குறைவு. ஆனால் தொடரில் ஜோஸ்லினின் வாயிலிருந்தோ ஹார்டியின் வாயிலிருந்தோ மறுவிசாரணை என்ற எண்ணமே வருவதில்லை. அதற்குப் புதிய சான்று தேட வேண்டும், ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டும், தன் தவறுகளைத் தானே ஆராய வேண்டும். ஊர்விலக்கம் ஒரே காட்சியில் முடிந்துவிடும்.

2017இல் வந்த மூன்றாம் பருவத்தில் மார்க், ஜோ இருக்கும் இடத்தைத் தேடி லிவர்பூலுக்குப் போகிறார். கண்டுபிடித்தும் அவரை ஒன்றும் செய்ய முடியாமல் திரும்புகிறார்.